ஊமைக் காற்று

யம்னாவின் அடுப்பு காலையில் எரிந்தது. நண்பகலில் அணைந்தது.

இது புதிதல்ல. சில வாரங்களாகவே நிலவறையில் இருந்த அந்தச் சின்ன கேஸ் அடுப்பு தன் இஷ்டத்துக்கு எரிவதும் அணைவதுமாக இருந்தது. யம்னா ரப்பர் குழாயை மாற்றினாள். ரெகுலேட்டரை மாற்றினாள். பர்னரின் துளைகளை ஊசியால் ஒவ்வொன்றாகக் குத்திச் சுத்தம் செய்தாள். சிலிண்டர்காரனோடு சண்டை போட்டு வேறு சிலிண்டர் வாங்கினாள். எதனாலும் பயனில்லை. எரிகிற நாளில் பழைய குழாயிலும் எரிந்தது. எரியாத நாளில் புதுக் குழாயிலும் அணைந்தது.

பக்ரீர் அப்பம் சுட்டு விற்கிறவளுக்கு இது பெரிய தொல்லை. ரவை மாவைக் கரைத்து, புளிக்க விட்டு, கல்லில் ஊற்றி ஒரு பக்கம் மட்டும் வேக விட வேண்டும். மேல் பக்கத்தில் கண் கண்ணாகத் துளைகள் விரியும் வரை நெருப்பு ஒரே சீராக நிற்க வேண்டும். நடுவில் அணைந்தால் துளை மூடிவிடும். பேருந்து நிலையத்துக் காபிக்கடைக்காரர் துளையில்லாத பக்ரீரைத் தொடவே மாட்டார்.

யம்னா மறுபடி தீக்குச்சியைக் கிழித்தாள். நீல வளையம் எழுந்தது. பர்னரை விட்டு மெல்ல மேலே எழும்பி, யாரோ பிடித்து இழுத்தது போல ஆடி, இல்லாமல் போனது.

கேஸை மூடினாள். பிறகு, இதுவரை செய்யாத ஒன்றைச் செய்தாள். அடுப்பையும் சிலிண்டரையும் இழுத்துக்கொண்டு படிக்கட்டின் உச்சிக்குப் போய்ப் பற்றவைத்தாள். அடுப்பு சீறிக்கொண்டு எரிந்தது.

அப்படியானால் குறை அடுப்பில் இல்லை.

அவள் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றிக்கொண்டு மறுபடி கீழே இறங்கினாள். அலமாரித் தட்டின் உயரத்தில் சுடர் நேராக நின்றது. இடுப்பளவுக்குத் தாழ்த்தியதும் சுருங்கியது. முழங்காலுக்குக் கீழே கொண்டுபோனதும், தண்ணீரில் முக்கியது போல அணைந்தது.

நிலவறையின் தரையில் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று குளம் போலத் தேங்கியிருந்தது.

"யம்னா!" மேலேயிருந்து அப்பா கத்தூரின் குரல், பாதி மூச்சும் பாதி கேலியுமாக வந்தது. "அங்க என்ன... இவ்வளவு நேரம்? மாவு... உன்கூடக் கதை பேசுதா?"

கத்தூர் சுரங்கத்தில் கரி வெட்டியவர். வெட்டிய கரியைக் கம்பெனி கொண்டுபோனது. கல்தூசியை அவர் நெஞ்சு வைத்துக்கொண்டது. இப்போது ஜன்னலோரம் ஒரு நாற்காலியும், மூக்கில் ஒரு குழாயும், முனகிக்கொண்டே இருக்கும் ஆக்ஸிஜன் இயந்திரமும்தான் அவர் உலகம். விவாகரத்தாகித் திரும்பி வந்த மகள் யம்னாதான் வீட்டை நடத்துகிறாள்.

இளையவன் புஸியான், பெர்கான் நகரத்தில் ஆரஞ்சு அடுக்கும் கொட்டகையில் வேலை செய்வதாகச் சொன்னது பொய் என்பது போன வாரம்தான் தெரியவந்தது. அவன் தினமும் போனது ஆரஞ்சுக்கு அல்ல, கள்ளக் குழிக்கு. ஊர் எல்லையில், பைன் மரங்களுக்குப் பின்னால், ஆள் ஒருவன் மட்டும் நுழையும் அகலத்தில் தோண்டி, கயிற்றில் தொங்கிக்கொண்டு இறங்கிக் கரி எடுக்கும் குழி. வீட்டில் சத்தம், அழுகை, சாபம் எல்லாம் முடிந்த பிறகும் அவன் போவதை நிறுத்தவில்லை. "வேற என்ன வேலை இருக்கு இந்த ஊர்ல, பா? சொல்லுங்க, நாளைக்கே சேர்ந்துக்கறேன்" என்றான். 

இன்று காலையும் போயிருந்தான்.

"பா, கீழ தரையில மெழுகுவத்தி நிக்கல" என்றாள் யம்னா, படியேறி வந்து. "அலமாரிகிட்ட நிக்குது. கீழ கொண்டுபோனா செத்துடுது."

கத்தூரின் முகத்திலிருந்த கேலி போய்விட்டது.

"கதவைத் தெறந்து போடு. இனிமே... கீழ போகாத."

"என்னன்னு சொல்லுங்க."

"ஊமை."

சுரங்கக்காரர்கள் வைத்த பெயர் அது. மூடிக் கிடக்கும் கரியும், மக்கும் மரக்கட்டைகளும் காற்றில் இருக்கும் நல்ல பாகத்தைத் தின்றுவிடும். மிஞ்சுவது கனமான காற்று. பள்ளத்தில் தேங்கும். சுரங்கத்தின் மற்றக் கெட்ட காற்றுகள் நாறும், அல்லது வெடிக்கும். ஏதாவது ஒரு வகையில் தன்னைக் காட்டிக்கொடுக்கும். இது எதுவும் செய்யாது. அதில் நிற்கிறவன் தலை கொஞ்சம் பாரமாக இருக்கிறது என்று உட்காருவான். உட்கார்ந்தவன் எழுந்திருக்க மாட்டான்.

"அது கீழ... சுரங்கத்துல இருக்கறது" என்றார் கத்தூர். செத்துப்போன ஆள் வாசலில் வந்து நிற்பதைப் பார்த்தவர் போல இருந்தது அவர் பார்வை. "வீட்டுக்குள்ள... அது எப்படி வரும்?"

யம்னாவும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். மேல் கதவைத் திறந்து போட்டு, காற்று கொஞ்சம் கலையட்டும் என்று காத்திருந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி இறங்கினாள். படியில் ஏற்றி ஊதி அணைத்த திரியின் புகையைச் சுவரோரமாக நகர்த்திக்கொண்டே போனாள். மூலையில், தரையும் சுவரும் சேரும் இடத்தில் ஒரு விரிசல். போன ரமலானுக்கு வெள்ளையடித்தபோது அது அங்கே இல்லை. விரிசலுக்கு நேராக வந்ததும் புகை அவள் முகத்தை நோக்கித் திரும்பியது. உள்ளேயிருந்து யாரோ மெல்ல ஊதுவது போல.

காலையில் இதே மூலையைப் பெருக்கியபோது நடந்தது நினைவுக்கு வந்தது. சிந்திய மாவு எறும்புகளைப் போல ஊர்ந்து இந்த விரிசலுக்குள் போனது. துடைப்பத்தின் காற்று என்று நினைத்துக்கொண்டாள்.

காலையில் உள்ளே. இப்போது வெளியே.

"பா, சுவர் மூச்சு விடுது!" என்றாள் மேலே வந்து, இரைத்துக்கொண்டே.

"சுவராவது... மூச்சாவது! வாழ்நாள் பூரா கீழ கெடந்தவன் நான். காத்து ஒரு பக்கம் வரும், ஒரு பக்கம் போகும். காலைல எப்படியோ... சாயங்காலமும் அப்படித்தான்."

அவர் சொன்னது அவர் காலத்துக்குச் சரி. ஹாஸி கஹ்லா என்ற இந்த ஊரே கரிக்காகப் பிறந்த ஊர். அதற்கு முன்னால் இங்கே ஆடு மேய்க்கிறவர்களையும் ஒரு கிணற்றையும் தவிர எதுவும் இல்லை. வெள்ளைக்காரக் கம்பெனி வந்தது. முதலில் குழி தோண்டியது, பிறகு ரயில் போட்டது, கடைசியாகத்தான் வீடு கட்டியது. நாட்டின் நாலா பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். வரிசை வரிசையாக ஒரே அச்சில் வீடுகள். ஒவ்வொன்றுக்கும் அடியில், கூலியோடு கிடைக்கும் கரியைக் கொட்டிவைக்க ஒரு நிலவறை. நாடு விடுதலையான பிறகு கம்பெனிக்குச் சொந்தக்காரர்கள் மாறினார்கள், சங்கு ஊதும் நேரம் மாறவில்லை.

அந்தக் காலத்தில் மேட்டின் மேல் ஒரு பெரிய விசிறி இருந்தது. இரண்டு ஆள் உயரம். அது இரவும் பகலும் சுழன்று, ஊருக்கு அடியிலிருந்த காற்றையெல்லாம் ஒரே திசையில் இழுத்துக்கொண்டே இருந்தது. வெளியே புயலோ வெயிலோ, கீழே காற்று அந்த விசிறி சொன்னபடி நடந்தது. சுரங்கத்தை மூடியபோது விசிறியை அறுத்துப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். தண்ணீர் இறைத்த பம்புகளையும் கழற்றினார்கள். ஆழத்தில் தண்ணீர் ஏறியது; அதற்கு மேல், ஊருக்கு அடியில் மைல் கணக்கில் காலியிடம் மட்டும் மிஞ்சியது. அதன் காற்று இப்போது யார் சொல்படி நடக்கிறது?

அப்போதுதான் நிலவறை அலமாரியிலிருந்து 'டொப்' என்று ஒரு சத்தம் கேட்டது.

கதவருகிலிருந்தே எட்டிப் பார்த்தாள். எண்ணெய் கேன். காலையில் கழுவி, மூடியை இறுக்கி அவள் வைத்த காலி பிளாஸ்டிக் கேன். ஒடுங்கியிருந்த அதன் பக்கம் வெளியே தள்ளிக்கொண்டு உப்பி நின்றது.

வெயிலில் வைத்த கேன் உப்பும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் நிலவறையில் வெயில் இல்லை. கோடையோ குளிரோ அங்கே ஒரே குளிர்ச்சிதான். கேனுக்கு உள்ளே இருப்பது காலையில் அடைத்த அதே காற்று. அது கூடவில்லை, சுடவும் இல்லை. அப்படியென்றால் மாறியது வெளியே இருக்கும் காற்று. காலையில் அது கேனை அழுத்திப் பிடித்திருந்தது. இப்போது பிடி தளர்ந்திருக்கிறது.

ஜன்னல் வழியே பார்த்தாள். காலையில் கண்ணாடி போல இருந்த வானத்தின் மேற்கே சாம்பல் ஏறியிருந்தது. மதியச் செய்தியில் உஜ்தா வானொலி கடல் பக்கமிருந்து மழை வருகிறது என்று சொன்னதும் ஞாபகம் வந்தது. மழை வருவதற்கு முன்னால் காற்றின் பாரம் குறையும்.

கேனுக்கு மூடி இருந்தது, அதனால் உப்பியது. ஊருக்கு அடியிலிருக்கும் காலியிடமும் ஒரு கேன்தான். ஆனால் அதற்கு மூடி இல்லை. குழி குழியாக ஓட்டைகள். வெளியே பாரம் கூடும்போது அது காற்றை உள்ளே இழுக்கிறது. பாரம் குறையும்போது உள்ளே இருப்பதை வெளியே விடுகிறது. உள்ளே இருப்பது ஊமை.

யம்னா அப்பாவிடம் திரும்பினாள்.

"பா. காலைல புஸியான்கிட்ட என்ன சொன்னீங்க?"

"என்ன சொன்னேன்... பேசறதில்லன்னு இருந்தேன். மனசு கேக்கல. வெளக்கை எறக்கிப் பாருடான்னேன். விடியக்காலைல எரிஞ்ச வெளக்கு... பொழுது சாயறவரைக்கும்..."

அவர் நிறுத்தினார். தான் சொன்னதைத் தானே அப்போதுதான் கேட்டவர் போல.

அது விசிறி இருந்த காலத்து விதி. அப்பனும் மகனும் அதையே நம்பிக்கொண்டிருந்தார்கள்.

"போ" என்றார் கத்தூர். "ஓடு."

யம்னா செருப்பை மாட்டவும் நிற்கவில்லை.

*

கடைசி வரிசை வீடுகளைத் தாண்டி, கரித்தூள் மேட்டைச் சுற்றிக்கொண்டு, பைன் மரங்களுக்குள் நுழைந்தாள். குழிவாயில் புஸியானின் கூட்டாளி துஹாமி, சைக்கிள் ரிம்மில் செய்த கை ராட்டினத்தின் மேல் சாய்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் கம்ப்ரஸர் தடதடத்தது. அதிலிருந்து ஒரு ஹோஸ் குழிக்குள் போனது. கீழே புஸியான் கரியை உடைக்கும் இயந்திரத்துக்கு அதுதான் காற்று கொடுத்தது.

"அட, லல்லா யம்னா!" என்று மரியாதை வைத்தே கேலி செய்தான். "பக்ரீர் கொண்டு வந்தியா, இல்ல தம்பிக்குத் திட்டு கொண்டு வந்தியா? திட்டுன்னா இங்கயே போட்டுடு, நான் எறக்கி விடறேன்."

"அவனை மேல இழு."

"இப்பத்தான் சாப்பிட்டுட்டு எறங்கினான். இழுத்தா என்னை அடிப்பான்."

"உன் சிகரெட்டை குழிக்கு நேரா பிடி, துஹாமி."

"எதுக்கு?"

"பிடின்னா பிடி!"

அவன் சிரித்துக்கொண்டே குனிந்து பிடித்தான். புகை குழிக்குள் போகவில்லை. நேராக அவன் முகத்தில் அடித்தது.

"காலைல எப்படி இருந்துச்சு?"

"காலைல..." துஹாமியின் சிரிப்பு கரைந்தது. "உள்ள போச்சு. மெழுகுவத்தி டப்பா எறக்கினோம். அடி வரைக்கும் நல்லா எரிஞ்சுதே!"

"இப்ப எறக்கு."

தகர டப்பாவுக்குள் மெழுகுவர்த்தியை வைத்து இறக்கினான். கொஞ்ச தூரம் மினுமினுத்துக்கொண்டு போன வெளிச்சம், பாதிக் குழிகூடத் தாண்டவில்லை. அணைந்தது.

துஹாமி கயிற்றைப் பிடித்து உலுக்கினான். கீழேயிருந்து பதிலுக்கு ஒரு இழுப்பு வர வேண்டும். வரவில்லை. கம்ப்ரஸரின் சத்தத்துக்கு அடியில் கீழே இயந்திரம் இடிக்கும் சத்தமும் இல்லை என்பதை இருவரும் அப்போதுதான் கவனித்தார்கள்.

"யா ரப்பி!" துஹாமி சிகரெட்டை எறிந்துவிட்டு இடுப்பில் கயிற்றைக் கட்டத் தொடங்கினான். யம்னா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ இப்படியே எறங்கினா ரெண்டு பேரைத் தூக்கணும். போன குளிருக்கு அந்த அண்ணன் தம்பிங்க எப்படிப் போனாங்க? ஒருத்தன் விழுந்தான், இன்னொருத்தன் தூக்கப் போனான்."

"அப்ப என்ன பண்ணச் சொல்ற? நின்னு பாக்கச் சொல்றியா?"

யம்னா கம்ப்ரஸரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காற்றை உறிஞ்சி, அழுத்தி, குழாய் வழியே தள்ளும் இயந்திரம். கரி உடைக்க வாங்கியது. ஆனால் அது தள்ளுவது காற்றுதானே.

"வேற ஹோஸ் இருக்கா?"

"இருக்கு. நீளமானது."

"மெஷின் ஹோஸை கழட்டிட்டு அதை மாட்டு. காத்து வர்ற முனையை உன் மூக்குகிட்ட வச்சுக்கிட்டு எறங்கு. கையை விட்டு நழுவவே கூடாது. ஆனா அதுக்கு முன்னாடி இந்தக் கம்ப்ரஸரை இங்கேருந்து நகத்தணும்."

"நேரமில்ல லல்லா!"

"இது குழிவாய்ல நின்னு என்னத்தை உறிஞ்சுது? குழி விடற மூச்சைத்தான். அதையே மறுபடி கீழ அனுப்பறோம்."

 துஹாமி கம்ப்ரஸரின் கைப்பிடியைப் பிடித்துத் தள்ளத் தொடங்கினான். கரித்தூள் மேட்டில் கரி பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் யம்னா போட்ட கூச்சலில் சாக்குகளை எறிந்துவிட்டு ஓடிவந்தார்கள். எல்லோருமாக அதைக் காற்று வரும் பக்கமாக, மேட்டின் மேல் ஏற்றினார்கள்.

ஹோஸ் மாற்றினார்கள். முனை பாம்பு போலச் சீறியது. துஹாமி அதைக் கழுத்துத் துண்டால் தோளோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு குழிக்குள் கால் வைத்தான்.

"பிஸ்மில்லா. ராட்டினத்தை விட்டுடாதீங்கம்மா, நான் கொஞ்சம் கனம்."

பெண்கள் ராட்டினத்தைப் பிடித்தார்கள். கயிறு இறங்கியது. நின்றது. அதன் பிறகு ஹோஸ் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனது. துஹாமி குழியின் அடியிலிருந்து பக்கவாட்டில் நுழைந்துவிட்டான்.

யம்னா ஹோஸ் மேல் கை வைத்திருந்தாள். அது அசைகிறவரை துஹாமி உயிரோடு இருக்கிறான். அது நின்றது. மறுபடி அசைந்தது. இம்முறை வெளிப்பக்கமாக.

கயிறு உலுக்கப்பட்டது.

"இழுங்க!"

முதலில் மேலே வந்தது புஸியான். கயிற்றில் மூட்டை போலத் தொங்கினான். முகம் முழுக்கக் கரி. உதடு மட்டும் நீலம். அவனைக் காற்று வரும் பக்கம் இழுத்துப் போட்டு யம்னா அறைந்தாள். நெஞ்சைத் தேய்த்தாள். மறுபடி அறைந்தாள்.

அவன் இருமினான். வாந்தி எடுத்தான். கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான்.

"செத்தாலும்... அடிக்கத்தான் செய்வியா அக்கா?"

யம்னா அவன் தலையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, வாயில் வந்த வசவையெல்லாம் அழுகையோடு சேர்த்துக் கொட்டினாள். பெண்கள் அதற்குள் துஹாமியையும் ஏற்றிவிட்டிருந்தார்கள்; அவர்களில் ஒருத்தி மட்டும் புஸியானையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இவ்வளவு ஊமை புதுக்குழியில வராதே, மகனே" என்றாள். "எதையோ தெறந்து விட்டிருக்க."

புஸியான் கண்ணை மூடிக்கொண்டான்.

*

துஹாமியின் மூன்று சக்கர வண்டியில் அவனை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மழை இன்னும் தொடங்கவில்லை. ஆனால் பகலிலேயே தெருவில் விளக்கு போட வேண்டிய அளவுக்கு வானம் இறங்கியிருந்தது. கத்தூர் மூக்குக் குழாயோடு கதவு வரைக்கும் வந்து நின்றிருந்தார். மகனைத் தொட்டுப் பார்த்தார். நெற்றியில் முத்தமிட்டார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, குரலே மாறிக் கேட்டார்.

"எங்க வெட்டின?"

"குழியிலதான், பா."

"பொய். இது பழைய காத்து. எதுக்குள்ள பூந்த?"

புஸியான் அக்காவைப் பார்த்தான். துஹாமியைப் பார்த்தான். துஹாமிக்கும் அது தெரியாது என்று அவன் முகமே சொல்லியது.

"சில வாரம் முன்னாடி சுவர் ஒடைஞ்சு ஒரு பெரிய சுரங்கப்பாதை தெறந்துச்சு. கம்பெனி காலத்துது, ஊர்ப் பக்கமா போகுது. நல்லா நிமிந்து நடக்கலாம். உள்ள கரித்தூண் நிக்குது, பா. ஒரு ரூம் அளவுக்கு ஒவ்வொண்ணும். எல்லாம் சுத்தமான கரி. நாங்க படுத்துக்கிட்டு நகத்தால சுரண்டறதை அங்க நின்னுகிட்டே எடுக்கலாம். ஓட்டையைச் சாக்கு போட்டு மறைச்சுட்டேன், யாருக்கும் சொல்லல. ஒரு தூணைத்தான் எடுத்துக்கிட்டிருக்கேன். இன்னிக்கு... முடிஞ்சுடும்னு நெனச்சேன். தலை பாரமானதும் இந்தப் பக்கம் தவழ்ந்து வந்து விழுந்துட்டேன்."

ஆக்ஸிஜன் இயந்திரம் முனகிக்கொண்டிருந்தது.

"தூண்ல... ஏதாவது எழுதியிருந்துச்சா?"

"சுண்ணாம்புல ஒரு பட்டை. ஒரு நம்பர். ஏதோ அளவுன்னு நெனச்சேன்."

"என்ன நம்பர்?"

"நூத்துப் பதினாலு."

 யம்னா தெருக்கதவுப் பக்கம் திரும்பினாள். அங்கே நகராட்சி அடித்த நீலத் தகட்டில் வேறு எண் இருந்தது. அது சுரங்கம் மூடிய பிறகு வந்த எண்.

"நூத்துப் பதினாலு" என்றார் கத்தூர், "இந்த வீடு."

கம்பெனியின் கடைசி வருஷங்களில் நடந்ததை அவர் சொன்னார். மூச்சு வாங்கி வாங்கி, ஒவ்வொரு வாக்கியமாக. கரி எடுக்கும்போது கூரை விழாமல் இருக்க இடையிடையே தூண் விட்டு வெட்டுவார்கள். அந்தத் தூணும் கரிதான். மற்றக் கரி தீர்ந்ததும் கம்பெனியின் கண் தூண்கள் மேல் விழுந்தது. குடியிருப்புக்கு அடியில் இருப்பவற்றையும் வெட்டச் சொல்லி உத்தரவு வந்தது. மேலே எங்கள் பிள்ளைகள் தூங்குகிறார்கள் என்று ஆட்கள் மறுத்தார்கள். உத்தரவைத் திரும்பப் பெறும் வரை மேலே வரமாட்டோம் என்று கீழேயே உட்கார்ந்துவிட்டார்கள். அப்போது ஒவ்வொருவனும் தன் வீடு எந்தத் தூணின் மேல் நிற்கிறது என்று அளந்து, அந்தத் தூணில் சுண்ணாம்புப் பட்டை அடித்துத் தன் வீட்டு எண்ணை எழுதினான். ஒருவன் வீட்டை இன்னொருவன் தெரியாமல் வெட்டிவிடக் கூடாது என்பதற்காக.

"அந்த நம்பரை... நான்தான் எழுதினேன்" என்றார், புஸியானைப் பார்த்து. "உங்கம்மா கீழ ரொட்டி அனுப்பினா. நீ அப்ப அவ வயித்துல."

புஸியான் கரி படிந்த தன் கைகளைப் பார்த்தான்.

அடுப்பு எதனால் அணைந்தது என்பது யம்னாவுக்கு முழுதாகப் புரிந்தது. கீழே தூண் மெலிந்தது. மேலே தரை கொஞ்சம் இறங்கியது. சுவரோரம் விரிசல் விட்டது. அந்த விரிசல் வழியாக, வானம் இறங்கும் நாளெல்லாம், ஊமை வீட்டுக்குள் வந்தது. அடுப்பு அணைந்ததால்தான் அவர்களுக்குத் தெரிந்தது. இல்லையென்றால் எதுவுமே தெரிந்திருக்காது.

"எவ்வளவு மிச்சம் இருக்கு?" என்றாள்.

"நடுவுல... கொஞ்சம். கட்டிப் பிடிச்சா கை சேரும்."

துஹாமி வாயைப் பொத்திக்கொண்டான். யாரும் சொல்லாமலே எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். எங்கேயோ ஆழத்தில், பெரிய மரச்சாமான் ஒன்றை நகர்த்துவது போல ஒரு சத்தம் கேட்டது. அல்லது இடியாக இருக்கலாம்.

"பா, இன்னொண்ணு" என்றான் புஸியான், குரல் தாழ்ந்து. "நான் மட்டும் இல்ல. நான் உள்ள பூந்தப்பவே அடுத்தாப்புல ரெண்டு தூண் இல்ல. அடிக்கட்டைதான் இருந்துச்சு. வெட்டின எடம் பளபளன்னு, புதுசு. வெட்டினவங்க எங்க குழி வழியா வரல."

"அந்தத் தூண்ல என்ன நம்பர்?"

"வெட்டினதுக்கு அப்புறம் நம்பர் எங்க இருக்கும்?"

கத்தூர் ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தார். ஒரே அச்சில் வார்த்த வீடுகள். எதிர்வீட்டில் துணி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த வீட்டில் யாரோ சிரித்தார்கள்.

"துஹாமி, உன் வீடு எங்க இருக்கு?" என்றாள் யம்னா.

"ஊருக்கு வெளிய, பாறைக் குன்னு மேல. அங்க கீழ கரி கெடையாது, வெறும் பாறை. கம்பெனி அங்க தோண்டவே இல்ல."

"இன்னிக்கு அப்பாவையும் மெஷினையும் அங்க ஏத்து. நான் தெருவுல ஒவ்வொரு கதவா தட்டறேன். திட்டுவாங்க, திட்டட்டும்." அவள் அப்பாவின் முன்னால் வந்து குந்தினாள். "பா, உங்க காலத்துல ஏதாவது தூண் நொறுங்கினா என்ன பண்ணுவீங்க?"

"கட்டை அடுக்குவோம். குறுக்க ரெண்டு, நெடுக்க ரெண்டு. நடுவுல கல் ரொப்புவோம். ஆனா அப்ப... விசிறி இருந்துச்சு, மக."

"இப்ப வானம் இருக்கு."

புஸியான் நிமிர்ந்து பார்த்தான். "ஊமை நெறைஞ்ச எடத்துல எப்படி அக்கா வேலை செய்யறது?"

யம்னா விரல் விட்டு எண்ணவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. பக்ரீருக்கு மாவு கரைப்பதைச் சொல்வது போலச் சொன்னாள்.

"மழை விட்டு வானம் தெளிஞ்சதும் குழி காத்தை உள்ள இழுக்கும். வாயில புகையைப் பிடிச்சுப் பாக்கணும், ஒரு தடவை இல்ல, வேலை முடியற வரைக்கும் ஒரு ஆள் அதையே பாத்துக்கிட்டு நிக்கணும். புகை உள்ள போற வரைக்கும் கீழ இருக்கலாம். நின்னா உடனே ஏறணும். கம்ப்ரஸர் மேட்டு மேல நிக்கணும், ஹோஸ் மொனை வேலை செய்யறவன் பக்கத்துல கெடக்கணும். தூணைச் சுத்தி கட்டையைக் குறுக்கும் நெடுக்குமா அடுக்கி, நடுவுல கல்லை ரொப்பி, கூரையை முட்டி இறுகற வரைக்கும் ஏத்தணும்." சொல்லிவிட்டு எழுந்து, எதிர்வீட்டுக் கதவைத் தட்டப் போனாள்.